காய்ச்சல் விட்ட பிறகு சரியும் டெங்கு நோயாளியை அவசரப் பிரிவிலேயே அறிவது எப்படி?

கேள்வி: இரவுப் பணி மருத்துவர்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு தாலுகா மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணிபுரிகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து ஓர் இரவில் நாற்பது, ஐம்பது பேர் காய்ச்சலோடு வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாராசிட்டமாலும் போதிய நீர் ஆகாரமும் கொடுத்தாலே தேறிவிடுவார்கள். ஓரிருவர் மட்டும் இரண்டு நாள் கழித்து அதிர்ச்சி நிலைக்கு (ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலை) போவார்கள். அந்த ஓரிருவர் யார் என்பதை, அவர்கள் தாமாக நடந்து வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போதே எப்படிக் கண்டுகொள்வது?

என்னைக் கேட்க வைத்த நிகழ்வைச் சொல்கிறேன். இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் காய்ச்சலின் மூன்றாம் நாள் வந்தார். உடல் வெப்பம் 39.3 டிகிரி செல்சியஸ், நாடித் துடிப்பு 118, ரத்த அழுத்தம் 120/80, மூச்சு நிமிடத்துக்கு 20. என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு உறுதியானது. தட்டணுக்கள் 1,65,000, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 39. மருந்து கொடுத்து, இரண்டு நாளில் மீண்டும் வரச் சொன்னேன். சொன்னபடி ஐந்தாம் நாள் மாலை வந்தார். காய்ச்சல் முழுவதும் விட்டிருந்தது. வெப்பம் 37, நாடித் துடிப்பு 104, ரத்த அழுத்தம் 110/90, மூச்சு 18. இரண்டு முறை வாந்தி எடுத்ததாகவும் வயிறு லேசாக வலிப்பதாகவும் சொன்னார். தட்டணுக்கள் 82,000, பிசிவி 45. படுக்கை எதுவும் காலியாக இல்லை. காய்ச்சல் விட்டுவிட்டதே என்ற நிம்மதியில் வீட்டுக்கு அனுப்பி, காலையில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னேன். விடியற்காலை நான்கு மணிக்கே கை கால் சில்லிட்ட நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்த அழுத்தம் 90/78, பிசிவி 54. திரவம் ஏற்றி, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம்; பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்த மாலை என் மனத்தை விட்டு அகலவில்லை.

பிறகு உட்கார்ந்து, எச்சரிக்கை மதிப்பெண் முறைகளில் அவருடைய அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் பயன்படும் நியூஸ் 2 முறையில் மூன்றாம் நாள் அவருக்கு 4 மதிப்பெண் வருகிறது. ஐந்தாம் நாள், அதாவது அதிர்ச்சி நிலைக்குச் சில மணி நேரம் முன்பு, வெறும் 2. தொற்று நோயாளிகளின் ஆபத்தைக் கணிக்கும் க்யூ-சோஃபா முறையில் இரண்டு நாளும் பூஜ்யம். நோய் முற்ற முற்ற மதிப்பெண் குறைகிறது என்றால் இவற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? டெங்குவுக்கு என்று நம்பகமான மதிப்பெண் முறை ஏதேனும் உண்டா? ஐஜிஜி பரிசோதனை (முன்பு வந்த தொற்றின் அடையாளத்தை ரத்தத்தில் தேடுவது) செய்து, இது இரண்டாம் முறை தொற்று என்று தெரிந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: குழந்தைகள் நல மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு

டாக்டர், உங்கள் கேள்விக்கான விடையின் பாதி உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. ஐந்தாம் நாள் மாலை அவருடைய ரத்த அழுத்தம் 110/90 என்று எழுதியிருக்கிறீர்கள். மேல் அளவு 110 என்பதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. ஆனால் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: அது வெறும் 20. மூன்றாம் நாள் அதே இடைவெளி 40 இருந்தது. டெங்குவில் பல்ஸ் பிரஷர் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால், மேல் அளவு எவ்வளவாக இருந்தாலும், அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். அவர் விடியற்காலையில் அதிர்ச்சி நிலைக்குப் போனவர் அல்லர், மாலையிலேயே போய்விட்டவர். குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் பயிற்சிக் காலத்தில் இதே பள்ளத்தில் விழுந்தவன்தான்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மறக்காது. டெங்குவில் நுண்ணிய ரத்த நாளங்களின் சுவர் தற்காலிகமாகத் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசிகிறது. இந்தக் கசிவு காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. காய்ச்சல் இறங்கும் வேளையில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வெளிப்பட்டு, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. ரத்தத்தின் கொள்ளளவு குறையும்போது உடல் கை கால்களின் ரத்த நாளங்களை இறுக்கி மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்குகிறது. அந்த இறுக்கத்தால் கீழ் அளவு ஏறுகிறது. மேல் அளவு கடைசி வரை தாக்குப்பிடிக்கிறது. இளைஞர்களிடமும் குழந்தைகளிடமும் இந்த ஈடுகட்டும் திறன் அதிகம் என்பதால், அவர்கள் தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று சரிவார்கள். மேல் அளவை மட்டும் கணக்கில் கொள்ளும் மதிப்பெண் முறை எதுவாக இருந்தாலும் இதைக் காணத் தவறும். போதாக்குறைக்கு, காய்ச்சல் இறங்கியதற்காக மதிப்பெண்ணையும் குறைத்துவிடும். உங்கள் கணக்கில் 4 என்பது 2 ஆனது அப்படித்தான்.

இன்னொன்று பிசிவி. 39இலிருந்து 45 என்பது கிட்டத்தட்ட 15 சதவீத ஏற்றம். 20 சதவீதத்தைத் தொட்டால்தான் கசிவு என்று பாடத்தில் படித்திருப்போம். ஆனால் ஏறிக்கொண்டிருக்கும் பிசிவியும் இறங்கிக்கொண்டிருக்கும் தட்டணுவும் ஒன்றுசேர்ந்து வருவதையே உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல் எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்றாகச் சொல்கிறது. விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறு அல்லது மூக்கிலிருந்து ரத்தக் கசிவு, சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, கல்லீரல் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வீங்குதல், உடலில் நீர் கோத்தல் ஆகியவை மற்றவை. உங்கள் நோயாளியிடம் இவற்றில் இரண்டு, மூன்று லேசாகத் தலைகாட்டியிருந்தன.

நம் ஊரில் பிசிவியைப் படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். நம் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் மிகுதி. வழக்கமாக 30 இருக்கும் ஒரு பெண்ணுக்கு 36 வந்தால் ஆய்வகத் தாளில் அது இயல்பான அளவாகவே தோன்றும். உண்மையில் அது 20 சதவீத ஏற்றம். ஆகவே காய்ச்சலின் முதல் மூன்று நாளுக்குள் எடுத்த அளவு ஒன்று கையில் இருப்பது பொன்னுக்குச் சமம். காய்ச்சல் என்று வருபவரிடம் பழைய தாள்களைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய தாளாக இருந்தாலும் பயன்படும்.

நோயாளியை நான் பார்க்கும் முறையையும் சொல்கிறேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் விசாரிக்கத் தொடங்குவேன். கையின் நிறம், நகத்தை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்பும் நேரம், கையின் சூடு, நாடியின் வலு, துடிப்பின் வேகம் ஆகிய ஐந்தும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ரத்தம் திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் ஆனாலோ, நெற்றி வியர்த்து விரல்கள் சில்லிட்டிருந்தாலோ மற்றவை எல்லாம் அப்புறம். அடுத்து, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேட்பேன். ஆறு மணி நேரமாகக் கழிக்கவில்லை என்றால் அவரை வீட்டுக்கு அனுப்பமாட்டேன். காய்ச்சல் இறங்கும்போது நாடித் துடிப்பும் இறங்க வேண்டும். காய்ச்சல் இல்லாத இளைஞருக்கு ஓய்வில் 104 ஏன் என்ற கேள்வியும் அன்று மாலை எழுந்திருக்க வேண்டும்.

ஐஜிஜி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டாம் முறை வேறு வகை டெங்கு வைரஸ் தாக்கும்போது ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. கியூபாவில் 1977இல் முதல் வகை வைரஸ் பரவியபோது நோய் பெரும்பாலும் மிதமாகவே இருந்தது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,203 பேர் பாதிக்கப்பட்டு 158 பேர் இறந்தார்கள். ஆனால் அதை வைத்து நம் ஊரில் ஆளைப் பிரிக்க முடியாது. 2017–18இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 5 முதல் 45 வயது வரையிலானவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், தென் மாநிலங்களில் 76.9 சதவீதத்தினருக்கு ஏற்கெனவே டெங்கு வந்துபோன அடையாளம் ரத்தத்தில் இருந்தது. நான்கில் மூன்று பேரைச் சேர்த்துக்கொள் என்று சொல்லும் பரிசோதனையால் உங்களுக்கு என்ன பயன்? கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், உடல் பருமன், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும், மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வதற்கான எல்லையை வாசலிலேயே தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. 110/90ஐ என் கையாலேயே எழுதிவிட்டு நான் கவனிக்கவில்லை என்பதைப் படித்தபோது சிறிது நேரம் எதுவும் தோன்றவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன். நோயாளியின் உறவினர்கள் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வி தட்டணு எவ்வளவு என்பதுதான். பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் ஏறுமா என்பது அதற்கடுத்த கேள்வி. ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனவர்களை எல்லாம் மேல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும் வழக்கம் எங்களிடம் உண்டு. அது சரியான அளவுகோலா?

பதில் 2: பொது வைத்திய நிபுணர், இலங்கை

வணக்கம். இங்கே 2017ஆம் ஆண்டில் 1,86,101 டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த வருடம் விடுதிகளில் (வார்டுகளில்) கட்டில் போதாமல் நடைபாதையில் பாய் விரித்துப் படுக்க வைத்து வைத்தியம் செய்தோம். அந்த அனுபவத்திலிருந்து சில விடயங்களை எழுதுகிறேன்.

குருதிச் சிறுதட்டுகளின் (நீங்கள் சொல்லும் தட்டணுக்களின்) எண்ணிக்கையை நாங்கள் பயன்படுத்துகிறோம். ஆனால் இரத்தப்போக்கு வரப்போகிறது என்பதற்கான அளவாக அன்று. அது எங்களுக்கு ஒரு மணிக்கூடு. எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்குகிறது என்றால், கசிவு தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது அல்லது தொடங்கிவிட்டது என்று பொருள். ஆகவே ஒரு இலட்சம் என்பதே எங்களுக்கு வைத்தியசாலையில் அனுமதிக்கும் எல்லை. நீங்கள் சொல்லும் ஐம்பதாயிரத்துக்காகக் காத்திருந்தால் பலருக்கு நெருக்கடிக் கட்டத்தின் (கசிவு நடக்கும் காலத்தின்) முதற்பாதி வீட்டிலோ வாகனத்திலோ கழிந்திருக்கும். மறுபுறம், இருபதாயிரத்துக்கு இறங்கியும் கசிவே இல்லாமல் சுகமாகிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகச் சிறுதட்டுகளை ஏற்றுவதும் பயன் தருவதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 வயது வந்தோரிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வு, இருபதாயிரத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கியவர்களுக்கு முன்தடுப்பாக அதை ஏற்றியதால் இரத்தப்போக்கு குறையவில்லை, பக்க விளைவுகளே கூடின என்று காட்டியது. பப்பாளி இலையைப் பற்றி உறவினரோடு வாதிட்டு நேரத்தை இழக்காதீர்கள். அதைக் குடித்து வாந்தி எடுக்கிறாரா என்பதை மட்டும் கேளுங்கள்.

கசிவை நேரில் பார்க்க ஒரு வழி உண்டு. அல்ட்ராசவுண்ட் கருவி உங்களிடம் இருந்தால், வலது பக்க நெஞ்சுக்கூட்டின் அடியிலும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலும் நீர் தெரிகிறதா என்று கட்டிலருகிலேயே பார்த்துவிடலாம். பித்தப்பையின் சுவர் தடித்திருப்பது அதற்கும் முன்னதாகவே தென்படுவதுண்டு. பிசிவி 20 வீதம் (சதவீதம்) ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிறுதட்டு ஒரு இலட்சத்துக்குக் கீழே, பிசிவி ஏறுமுகம், வலது பக்கத்தில் மெல்லிய நீர்ப்படலம் என்றால் நெருக்கடிக் கட்டம் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தைக் கட்டிலின் தலைமாட்டில் உள்ள தாளில் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று தெரிந்தால், 48 மணி நேரத்தில் முடியும் என்பதும் தெரியும்.

அந்தக் கணக்கு எதற்கு என்றால், டெங்குவில் திரவம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. எங்கள் நாட்டு வழிகாட்டலில் நெருக்கடிக் கட்டம் முழுவதற்கும் ஓர் ஒதுக்கீடு உண்டு: நாளாந்தத் தேவையோடு உடல் எடையின் ஐந்து வீதத்தைக் கூட்டியது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளாந்தத் தேவை 2,100 மில்லிலீற்றர், ஐந்து வீதம் 2,500 மில்லிலீற்றர், ஆக 4,600 மில்லிலீற்றர்; இது 48 மணி நேரத்துக்கு, வாயால் குடிப்பதையும் சேர்த்து. அதிர்ச்சி ஏற்படாதவர்களுக்கு இந்த எல்லைக்குள் நிற்கப் பார்ப்போம். கசிவு உச்சத்தை நெருங்கும்போது திரவம் கொடுக்கும் வேகத்தைக் கூட்டி, பின் குறைப்போம். பயத்தில் முதல் ஆறு மணி நேரத்திலேயே இதில் பெரும்பகுதியை ஏற்றிவிட்டால், கசிவு தொடங்கிய மூன்றாம் நாள், கசிந்த நீர் குருதிக்குள் திரும்பும்போது நோயாளி மூச்சுத் திணறி அவதிப்படுவார். யார் சரிவார் என்று முன்கூட்டி அறிய விரும்புவது அவருக்கு அதிகத் திரவம் ஏற்றுவதற்காக அன்று, அவரைக் கண் முன்னே வைத்திருப்பதற்காகத்தான் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்வார்.

இன்னொரு விடயம். காய்ச்சல் உடனே இறங்கட்டும் என்று டைக்ளோஃபெனாக் ஊசியும் மெஃபனமிக் அமில மாத்திரையும் வெளியே வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உங்கள் பக்கமும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களிடம் காய்ச்சல் எப்போது உண்மையில் இறங்கியது என்பதே குழம்பிப்போகும். இரத்தப்போக்கின் ஆபத்தும் கூடும். நோயின் நாளை எண்ணும்போது காய்ச்சல் தொடங்கிய மணி முதல் எண்ணுங்கள், இறங்கிய நாளை நம்பி எண்ணாதீர்கள்.

பதில் 3: மருத்துவப் புள்ளியியல் துறை ஆசிரியர்

மருத்துவர்கள் சொன்னவற்றில் நான் குறுக்கிட எதுவும் இல்லை. நம்பகமான மதிப்பெண் முறை உண்டா என்ற கேள்விக்கு மட்டும் என் துறை சார்ந்து எழுதுகிறேன்.

ஓர் எளிய கணக்கைப் போடுவோம்; எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் பிரிவுக்கு வரும் ஆயிரம் டெங்கு நோயாளிகளில் முப்பது பேர் கடுமையான நிலைக்குப் போவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடித்துவிடும், போகாதவர்களில் எழுபது சதவீதத்தினரைச் சரியாக விலக்கிவிடும் ஒரு மதிப்பெண் முறை உங்களிடம் இருக்கிறது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது அல்லவா? அது முப்பதில் 27 பேரைப் பிடிக்கும்; கூடவே மற்ற 970 பேரில் 291 பேரையும் ஆபத்தானவர்கள் என்று காட்டும். ஆக, அது சுட்டிக்காட்டும் 318 பேரில் உண்மையிலேயே சரியப்போகிறவர்கள் நூற்றுக்கு எட்டரைப் பேர்தான். ஒரு தாலுகா மருத்துவமனையில் 318 படுக்கைக்கு எங்கே போவது? அதே வேளையில், ஆபத்தில்லை என்று அது சொன்ன 682 பேரில் தவறவிட்டவர்கள் மூவர் மட்டுமே. எனவே இத்தகைய கருவிகளின் உண்மையான பயன், யாரை நம்பி வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்வதில்தான் இருக்கிறது. அந்த மூவருக்காக மறுநாள் கட்டாயம் வரச் சொல்லும் ஏற்பாடு அதோடு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் இந்தப் பாடத்தை உலகம் பெரும் செலவில் கற்றது. முதல் சில மாதங்களிலேயே நூற்றுக்கணக்கில் கணிப்பு முறைகள் வெளியாகின. லண்டனில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 411 பேரின் தரவுகளில் அப்படிப்பட்ட 22 முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். யார் மோசமாவார் என்பதை, சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது ஆக்சிஜன் அளவு எவ்வளவு என்ற ஒற்றை எண்ணை விடவும், யார் இறப்பார் என்பதை வயது என்ற ஒற்றை எண்ணை விடவும், அந்த முறைகள் எதுவும் தொடர்ந்து சிறப்பாகச் சொல்லவில்லை. 2020இல் பிரிட்டனில் 35,463 நோயாளிகளின் தரவிலிருந்து உருவாக்கப்பட்ட 4சி மதிப்பெண் போன்ற சில, வயது, பாலினம், இணை நோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, உணர்வு நிலை, யூரியா, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்) ஆகிய எட்டையும் கூட்டி நன்றாகவே வேலை செய்தன. ஆனால் அதை அப்படியே டெங்குவுக்குக் கொண்டுவர முடியாது. கொரோனாவில் பழுதாவது நுரையீரல். டெங்குவில் ரத்த நாளச் சுவர். வைரஸ் தொற்று என்ற ஒரே பெயரின் கீழ் வந்தாலும், எந்த எண் முதலில் அசையும் என்பது நோய்க்கு நோய் வேறு. உங்கள் இளைஞருக்கு ஆக்சிஜன் அளவு கடைசி வரை 98 ஆகவே இருந்திருக்கும்.

டெங்குவுக்கு என்றே ஆய்வக அளவில் முயற்சிகள் நடக்கின்றன. வியட்நாம், கம்போடியா, மலேசியா, எல் சால்வடார் நாடுகளின் நோயாளிகளிடம் காய்ச்சலின் முதல் மூன்று நாளில் எடுத்த ரத்தத்தில் 10 குறிகாட்டிகளை அளந்து 2021இல் வெளியிட்டார்கள். சிண்டெக்கன்-1, ஃபெரிட்டின், ஆஞ்சியோபொயட்டின்-2 முதலிய புரதங்களைச் சேர்த்துப் பார்த்தால் கணிப்பு மேம்படுகிறது என்றும், எந்தச் சேர்க்கை சிறந்தது என்பது குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வேறுபடுகிறது என்றும் கண்டார்கள். நோயெதிர்ப்பு அணுக்களில் எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்பதைப் பார்த்து, 20 மரபணுக்கள் கொண்ட ஒரு பட்டியலை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2019இல் முன்வைத்தார்கள். இவற்றில் எதுவும் இன்று இரவு உங்கள் மேசைக்கு வராது.

ஒரு நுட்பமான சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் மருத்துவமனைத் தரவிலிருந்து நீங்களே ஒரு மதிப்பெண் முறையை உருவாக்க நினைக்கக்கூடும். பிசிவி ஏறியவர்களுக்கு எல்லாம் நீங்கள் உடனே திரவம் கொடுத்துக் காப்பாற்றியிருந்தால், தரவில் அவர்கள் அதிர்ச்சி நிலைக்குப் போகாதவர்களாகவே பதிவாகியிருப்பார்கள். அப்போது கணக்கு என்ன சொல்லும்? பிசிவி ஏற்றத்துக்கும் அதிர்ச்சிக்கும் தொடர்பில்லை என்று சொல்லும். நல்ல சிகிச்சையே நல்ல அறிகுறியைப் பயனற்றதாகக் காட்டிவிடும். எச்சரிக்கை அறிகுறிகள் சரியாகக் கணிப்பதில்லை என்று கூறும் ஆய்வுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள். அத்துடன், 20 சதவீதம், ஒரு லட்சம் என்று கோடு கிழித்து ஆம், இல்லை என்று பிரிப்பதால் தகவல் வீணாகிறது. 19க்கும் 21க்கும் இடையில் நோயாளியின் உடலில் எந்தக் கதவும் திறந்து மூடுவதில்லை. ஆறு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள், ஒரே முறை எடுத்த பத்து அளவுகளை விட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

பதில் 4: செவிலியர், காய்ச்சல் வார்டு

ஐயாக்களுக்கு வணக்கம். அளவுகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். அவற்றை எடுப்பவள் என்ற முறையில் மூன்று விஷயங்களைச் சொல்ல அனுமதியுங்கள். மின்னணு பிபி கருவி கீழ் அளவை நேராக அளப்பதில்லை, கணித்துத்தான் காட்டுகிறது. நாடி மெலிந்திருக்கும்போது அது பிழையாகக் காட்டும் அல்லது மீண்டும் மீண்டும் காற்றடித்துக்கொண்டே இருக்கும். அப்படி நடந்தால் கருவி பழுது என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடாமல், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கையால் எடுக்க வேண்டும். குழந்தைக்குப் பெரியவர்களின் பட்டையைக் கட்டினால் அளவு குறைவாகக் காட்டும். வந்தவுடன் எடை பார்ப்பதும் பல இடங்களில் விட்டுப்போகிறது. எடை தெரியாமல் இலங்கை டாக்டர் சொன்ன கணக்கை எப்படிப் போடுவது? ஆய்வகம் இரவில் பூட்டியிருந்தால், நுண்குழாயில் ரத்தத்தை எடுத்துச் சிறிய சுழற்றியில் ஐந்து நிமிடம் சுற்றினால் பிசிவி தெரிந்துவிடும். எங்கள் வார்டில் அப்படித்தான் பார்க்கிறோம்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. எங்கள் அவசரப் பிரிவின் காய்ச்சல் தாளை நேற்று எடுத்துப் பார்த்தேன். தட்டணுவுக்குக் கட்டம் இருக்கிறது. காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் மணிக்கும் இல்லை, எடைக்கு இல்லை, பல்ஸ் பிரஷருக்கு இல்லை, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரத்துக்கும் இல்லை. இந்த நான்கையும் சேர்த்து, பிசிவிக்கு முந்தைய அளவு, இன்றைய அளவு என்று இரண்டு கட்டங்கள் போட்டு, புதிய தாளைத் தட்டச்சு செய்து தலைமை மருத்துவரிடம் கொடுத்திருக்கிறேன். நான்காம் நாள் முதல் ஆறாம் நாள் வரை உள்ளவர்களை, படுக்கை இல்லாவிட்டாலும், வெளி வராந்தாவில் உள்ள பெஞ்சுகளில் ஆறு மணி நேரம் உட்கார வைத்து இரண்டாம் முறை அளந்த பிறகே அனுப்புவது என்று இரவுப் பணியில் இருக்கும் நாங்கள் நால்வரும் பேசி வைத்திருக்கிறோம். நுண்குழாய்ச் சுழற்றி எங்கள் கிடங்கில் ஒன்று உறையோடு கிடக்கிறது. அதை இயக்கப் பழகுவதற்கு செவிலியர் அம்மாவிடம் சில சந்தேகங்கள் கேட்க வேண்டும், தனிச்செய்தியில் எழுதுகிறேன்.